விடியலில் மட்டும் வரும் வியாதி

"இன்ஜின்னு ஒண்ணு இருந்தா அது என்கிட்ட பொய் சொல்ல முடியாது. ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் காதைக் கொடுத்தேன்னா கதை மொத்தத்தையும் கக்கிடும். நான் பார்த்த வண்டிக்கு இன்னொருத்தர் கை தேவைப்பட்டதா சரித்திரமே கிடையாது!"

இப்படி முழங்கியவர் எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடிக்காரர். முழங்கிய இடம், தரைத்தளத்து வண்டி நிறுத்துமிடம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நான், இரண்டாம் மாடி டீச்சர், அப்புறம் வாயைப் பிளந்து நின்ற டீச்சரின் பதினெட்டு வயதுக் கார்.

இது தனி இனம், வாசகரே. நடுவயதைத் தாண்டிய ஆண். பானட்டின் விளிம்பில் பாந்தமாகப் பொருந்தும் தொப்பை. காலை வேளைகளில் தென்படும். எங்கோ ஒரு பழைய வண்டி செல்ஃப் எடுத்து, எடுத்து, எடுத்து, ஸ்டார்ட் ஆகாமல் இருமுகிற சத்தம் காதில் விழுந்தால் போதும், பல் தேய்த்த நுரையைக்கூடத் துப்பாமல் படியிறங்கி வந்துவிடும். வந்தவுடன் எதையும் தொடாது. இடுப்பில் கை வைத்து, கண்ணை மூடி, "ம்ம்..." என்று ஒரு பெருமூச்சு விடும். அந்த "ம்ம்"முக்குப் பிறகு நீங்கள் வண்டியின் சொந்தக்காரர் இல்லை. நோயாளியின் உறவினர். ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

எங்களுக்கு வாய்த்தவருக்கு ஸ்டெதஸ்கோப் அண்ணன் என்று பெயர். முழநீள ஸ்க்ரூடிரைவரின் முனை இன்ஜினில், கைப்பிடி காதில். பிழைப்புக்கு ஒரு காப்பீட்டு அலுவலகம். பிறவி எடுத்தது இதற்கு.

டீச்சர் வண்டிக்கு வந்தது விடியல் வியாதி. இரவெல்லாம் நின்று ஆறிய வண்டி காலையில் கால் மணி நேரம் மக்கர் பண்ணும். ஒரு தடவை உயிர் வந்துவிட்டாலோ, அன்று முழுக்கச் சாவியைக் காட்டினாலே ஓடும். மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனால் சூடாகத்தானே போய்ச் சேரும்? டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளை மாதிரி, அங்கே சமர்த்தாக நிற்கும்.

டீச்சருக்கு இது விளையாட்டில்லை. அடுத்த வார வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில், தலைமையாசிரியை பதவிக்கு நேர்காணல். பதினோரு வருடம் காத்திருந்து வந்த அழைப்பு. ஆறு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். அந்நேரத்தில் பஸ் கிடையாது. வாடகை வண்டிக்காரர்கள் மலைப்பாதை என்றதும் போனை வைத்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது சைக்கிள்.

"அண்ணே, பேசாம உங்க வண்டியில கூட்டிட்டுப் போயிடுங்களேன்" என்றேன். அண்ணனுடையதும் அதே வகை, அதே வயது. மூலையில் உறை போர்த்திக் கிடக்கும்.

"அது ஓய்வுல இருக்கு" என்றார் அண்ணன்.

மறுநாளே சிகிச்சை தொடங்கியது. சாவியைப் பாதி திருப்பினால் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகுமாம். அந்த முனகலில்தான் சூட்சுமமாம். அதைக் கேட்பதற்காக லிஃப்ட் நிறுத்தப்பட்டது. மூன்றாம் மாடியில் துணி துவைக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டது. ஒரு கைக்குழந்தை தெருமுனைக்கு அனுப்பப்பட்டது. பம்ப் பின்சீட்டுக்கு அடியில்தானாம், என்னை அதில் குப்புறப் படுக்க வைத்தார்.

"கேட்டுதா?"

"கேட்டுதுண்ணே."

"எப்படிக் கேட்டுது? பசிச்ச பூனை மாதிரியா, சாப்பிட்ட பூனை மாதிரியா?"

"சாப்பிட்டுட்டு இன்னும் கொஞ்சம் கிடைக்குமான்னு கேக்கற பூனை மாதிரி."

"அதான்!" என்றார் அண்ணன். எது என்று நாங்கள் கேட்கவில்லை.

அண்ணனின் வைத்திய முறையை நீங்கள் கவனிக்க வேண்டும். முதலில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா என்று உறுதி செய்ய, ஸ்டார்ட் ஆகும்வரை செல்ஃப் அடிப்பார். கால் மணி கழித்து அது ஓடத் தொடங்கும். ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து, நோயைக் கண்டுபிடிப்பார். வண்டியை அணைத்து, பிளக்கைத் துடைப்பார். திரும்ப சாவி போட்டால்? ஒரே திருப்பு! பிளக்தான் காரணம் என்று நிரூபணமாயிற்று. மறுநாள் காலை மறுபடி மக்கர். மறுபடி கால் மணி. இந்தத் தடவை பேட்டரி முனையைச் சுரண்டுவார். ஒரே திருப்பு! அதுவும் நிரூபணம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே பழம் விழுந்த பிறகு காக்கையைப் பிடித்து வந்து உட்கார வைத்தார்கள். இந்த முறையில், பக்கக் கண்ணாடியைத் திருப்பி வைத்ததாலும் அந்த வண்டி ஒருநாள் குணமாகியிருக்கிறது.

"இனிமே திங்கட்கிழமையிலேருந்து ஒரே திருப்புதான். மாற்றுச் சாவி மட்டும் என்கிட்ட இருக்கட்டும், டீச்சர்" என்றார் அண்ணன், நேர்காணலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

திங்கட்கிழமை, ஒரே திருப்பு. செவ்வாயும் அப்படியே. டீச்சர் கண் கலங்கிவிட்டார். நான்கூட நம்பத் தொடங்கினேன். குடியிருப்பில் குறை ஒன்றே ஒன்றுதான்: இரண்டு நாளாக விடியலில் லிஃப்ட் ஆளில்லாமல் மாடிக்கு மாடி நின்று, கதவைத் திறந்து, மூடி, ஏறி இறங்குகிறது என்று ஐந்தாம் மாடிக்காரர்கள் வேறு வீடு பார்க்கப் போனார்கள்.

ஆனால் டீச்சர் டீச்சர்தான். விடை சரியாக வந்தாலும் வழிமுறையைப் பார்ப்பவர். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, யாருக்கும் சொல்லாமல், ஒரு மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரவழைத்துவிட்டார். சிக்கனமாகப் பேசுகிற பெண்மணி. நான் பால் வாங்க இறங்கியவன், அப்படியே நின்றுவிட்டேன். மெக்கானிக் காதைக் கொடுக்கவில்லை, கண்ணை மூடவில்லை. பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ராத்திரி எங்கயாவது போனீங்களா டீச்சர்?"

"இல்லையேம்மா. நேத்து நாலு மணிக்கு நிறுத்தினது."

"அப்போ வண்டி மட்டும் தனியாப் போயிட்டு வந்திருக்கு. முட்டை பொரிக்கலாம் போல சுடுது."

தூணுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். வீட்டுச் செருப்போடு அண்ணன் வெளிப்பட்டார்.

"குளிர்ல நிக்குதே, பாவம்னு... ஒரு பத்து நிமிஷம்..."

"எப்போலேருந்து?" என்றார் மெக்கானிக்.

"திங்கட்கிழமையிலேருந்து. அஞ்சு மணிக்கு."

"சத்தம் கேக்கலையே!" என்றேன் நான்.

அண்ணன் லிஃப்ட்டைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. லிஃப்ட் சத்தத்தில் வண்டிச் சத்தம் அமுங்கட்டும் என்று எல்லா மாடிப் பொத்தானையும் அமுக்கிவிட்டு வந்திருக்கிறார்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு நீங்க தூங்கிப் போயிருந்தா, சார்?"

"ரெண்டு அலாரம் வெச்சிருந்தேன், டீச்சர்."

மெக்கானிக் இரண்டு சாவிகளையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். மாலை வரை யாரும் வண்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. மாலையில் வந்து சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது, ஸ்டார்ட் ஆகவில்லை. "அப்பாடா" என்றார். ஒரு மீட்டரை இணைத்துப் பார்த்து, இன்ஜின் சூட்டை அளக்கும் கட்டைவிரல் அளவு சென்சார் ஒன்றைக் கழற்றினார்.

"வண்டி ஜில்லுன்னு இருக்கு. இது 'கொதிக்கிறேன், கொதிக்கிறேன்'னு கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்புது. அதை நம்பி அது பெட்ரோலைக் குறைச்சு விடுது. எதுவும் தெரியாம எப்பவும் ஒரே பதில்!"

நாங்கள் எல்லோரும், ஏனோ, அண்ணனைப் பார்த்தோம்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு, புது சென்சாரோடு இரவெல்லாம் ஆறிக் கிடந்த வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. போன டீச்சர் தலைமையாசிரியையாகத் திரும்பினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். தெருவில் பானட் திறந்த வண்டியைக் கண்டால் உங்கள் நடை ஏன் மெதுவாகிறது என்பதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுச் சிரியுங்கள். முந்தாநாள் யாருக்கோ "பேட்டரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தது நீங்கள்தானே?

எனக்கு அந்த வியாதி கிடையாது. சனிக்கிழமை காலை, கீழே பானட் திறக்கும் ஓசை கேட்டது. வாயில் நுரையோடு எப்படித் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன் என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

மூலையில் கிடந்த வண்டியின் உறை விலகியிருந்தது. மெக்கானிக் குனிந்திருந்தார். அண்ணன் பவ்யமாக டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரூடிரைவரைக் காணோம்.

"உங்க வண்டிக்கு என்ன சார்?"

"ஒண்ணுமில்ல... காலையில மட்டும்..."

"எவ்வளவு நாளா?"

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நான்கு விரல்களை விரித்துக் காட்டினார்.

"நாலு மாசமாவா?"

"மெதுவாப் பேசுங்கம்மா" என்றார் அண்ணன். "வருஷம்."