கார்பென்டர் என்பவர் வந்தார்

அன்பும் பொறுமையும் நிறைந்த சின்ன அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை கூசுகிறது.

முதலாளியம்மா போனில் இங்கிலீஷில்தான் செய்தி அனுப்புகிறார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, விடுதிக் காப்பாளர் வேலை போய்விடும் என்று நான் அழுதபோது, நவுனில், அதாவது பெயர்ச்சொல்லில், தொடங்கினால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று ஞாயிறுதோறும் போனில் பாடம் எடுத்தீர்களே, அந்தப் பாடம்தான் அண்ணா என்னை நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறது. விடுதியின் உரிமத்தைப் புதுப்பிக்க அதிகாரி இந்த வாரம் எந்த நாளும் வரலாம், அவர் முகம் சுளித்தால் விடுதிக்குப் பூட்டுதான், இங்கே தங்கி வேலைக்குப் போகும் முப்பது பெண்களோடு நானும் என் மகளும் வெளியேற வேண்டியதுதான் என்று பயந்துகொண்டு இருந்தோம். நேற்றுக் காலை முதலாளியம்மாவிடமிருந்து செய்தி வந்தது: ‘கார்பென்டர் கமிங் டுடே. ஷோ ஹிம் ஆல் ரூம்ஸ்.’ கார்பென்டர் என்றால் தச்சர் என்பது எனக்கும் தெரியும். ஆனால் முதல் எழுத்து பெரிய எழுத்து. முன்னால் ‘எ’யும் இல்லை, ‘தி’யும் இல்லை. அப்படி இருந்தால் அது ஒரு ஆளின் பேர், ப்ராப்பர் நவுன், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்றீர்களே, நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் முடிவு செய்தேன்: வருகிறவர் அதிகாரி, பேர் கார்பென்டர்.

வந்தார். சட்டைப்பையில் பென்சில், கையில் அளவு நாடா. முதலாளியம்மாவின் நாற்காலியில் உட்காரவைத்தேன். மனிதர் அதையே தட்டிப் பார்த்து, “இது ரொம்ப நாள் தாங்காதும்மா” என்றார். அறை அறையாகப் போய்க் கட்டிலுக்கடியில் குனிந்தார், கதவுகளை ஆட்டினார், ஜன்னல் சட்டத்தை நகத்தால் சுரண்டினார். “உள்ள பூரா கரையான் தின்னுடுச்சு. மேல பெயின்ட் அடிச்சு மறைச்சு வச்சிருக்காங்க.”

“சார், மனசு வைங்க சார், முப்பது பொண்ணுங்க பொழப்பு” என்று கைகூப்பினேன்.

“மனசு வச்சா போதுமா? மரம் வேணாமா?” என்றார்.

பயம் அப்ஸ்ட்ராக்ட் நவுன், கண்ணுக்குத் தெரியாது என்றீர்கள். நான் அந்த ஜன்னல் சட்டத்தில் கண்ணாரப் பார்த்தேன் அண்ணா.

அந்த நேரம் பார்த்து வாசல் கேட்டில் வேறொரு ஆள், கண்ணாடி போட்டுக்கொண்டு, கக்கத்தில் பையோடு, “ரூமெல்லாம் பாக்கணும்” என்கிறார். மாடியில் அதிகாரி இருக்கும்போது இது வேறா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“இது லேடீஸ் ஹாஸ்டல், பலகை கண்ணுக்குத் தெரியல? ஆம்பளைக்கு இங்க என்ன ரூம்?”

“இல்லம்மா, நான் யாருன்னா...”

“நீங்க மகராசனாவே இருங்க!” என்று கேட்டைச் சாத்திப் பூட்டினேன்.

சாயங்காலம் முதலாளியம்மா போனில், “கார்பென்டர் கதவுக்கெல்லாம் அளவு எடுத்தாரா?” என்று கேட்டார். “அவர்தானேம்மா அதிகாரி?” என்றேன். “அப்போ நெஜ அதிகாரியைக் கேட்டோட வெரட்டினது நீதானா? அவர் எனக்குப் போன் பண்ணிக் கத்தினாரே!” என்றார். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் போனே பெரிதாக்கிவிடுமாம். எனக்குத்தான் தெரியாது, பாடம் எடுத்த உங்களுக்காவது தெரிந்திருக்கக் கூடாதா?

நாளைக் காலை அதிகாரி மறுபடி வருகிறார். பூட்டோடுதான் வருவார். உங்கள் மாடி அறையில் கிடக்கும் சாமான்களை ஒதுக்கி இடம் பண்ணுங்கள், அண்ணியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உங்களுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்களிடம் படித்த பாவத்துக்கு
உங்கள் தங்கை

பி.கு.: அண்ணா, மாடி அறையைத் தொட வேண்டாம். அதிகாரி வந்துவிட்டுப் போய்விட்டார். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த என்னை அவரே கூப்பிட்டு, “எத்தனையோ ஹாஸ்டல் பாத்திருக்கேன், வாசல்ல ‘யாரு நீ’ன்னு கேக்க ஆளிருக்காது. என்னையே உள்ள விடாத ஒரே இடம் இதுதாம்மா” என்று சொல்லி, பாதுகாப்புக்கு முழு மதிப்பெண் போட்டு, உரிமத்தையும் கொடுத்துவிட்டார். ஜன்னல்களை மட்டும் மாற்ற வேண்டுமாம், தச்சர் கீழே மரம் இழைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் பதற்றத்தில் நான் என் மகளை மூட்டை முடிச்சோடு விடிகாலைப் பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு ஏற்றிவிட்டேன். நாலு நாள் வைத்திருந்து அனுப்புங்கள். நல்லதாகச் சமைத்துப் போடுங்கள், ஊரைச் சுற்றிக் காட்டுங்கள், தயவுசெய்து நவுன் மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.