சக்கை பாயின் டிரம் பொங்கிய வெள்ளிக்கிழமை

இவரைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், சிரிப்பு வந்துவிடும், வைத்துவிடுவேன். இன்று முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

இந்த உலகத்திலேயே வைக்கோலை மென்று பார்த்து, "இன்னும் இனிக்கலையே" என்று கவலைப்பட்ட ஒரே மனுஷர் எங்கள் சக்கை பாய்தான். மாடுகூட அப்படிக் கவலைப்பட்டதில்லை.

கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடா வேலையை விட்டுவிட்டு வந்து, திண்டிவனத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். கரும்புச் சக்கை, வைக்கோல், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தோல் என்று ஊர் தூக்கிப் போடுவதெல்லாம் அங்கே வந்து சேர்ந்தது.

"இன்னா பாய், குப்பையை சேத்துக்கினு?" என்றேன்.

"அண்ணே, இதுக்குள்ள சக்கரை பூட்டிக்கினு இருக்குது. என்சைம்தான் சாவி. சக்கரை வெளிய வந்துட்டா, புளிக்க வச்சி பெட்ரோல்ல கலக்குற எத்தனாலே பண்ணலாம்."

சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசிய வைக்கோலைத் தகர டிரம்மில் போட்டு, என்சைமை ஊற்றி, அடியில் உமித்தீ வைப்பார். இளஞ்சூடுதான். ஏறினால் என்சைம் செத்துவிடுமாம். டிரம்முக்குக் கம்பளிச் சால்வை வேறு. என்சைமை 'அவங்க' என்றுதான் சொல்வார். வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தால் பாய்ந்து போய், "யோவ், உள்ள அவங்க வேலை செஞ்சிக்கினு இருக்காங்கய்யா!" என்று சண்டை பிடிப்பார். ஆட்டோக்காரர் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "யாருங்க உள்ள?" என்பார்.

பாயின் மச்சானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. புது விசாவை வாங்கி வைத்துக்கொண்டு போன் போட்டார்: "வெள்ளிக்கிழமை வர்றேன். வைக்கோல் இனிச்சா இங்கியே இரு. இல்லன்னா பொட்டியைக் கட்டு."

பாய்க்குச் சோறு இறங்கவில்லை. "புள்ளைங்கள விட்டுட்டு மறுபடியும் போவணுமாண்ணே?"

அந்த வெள்ளிக்கிழமை பொங்கல். ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிய பாய் என் சம்சாரத்திடம், "அக்கா, தீ அணையாம பாத்துக்கோங்க. ஜல்தி வந்துர்றேன்" என்று டிரம்மை ஒப்படைத்துப் போனார்.

பொங்கலன்று அடுப்பில் ஏறின ஒன்று பொங்காமல் கிடந்தால் வீட்டுக்கு ஆகுமா? அவள் சால்வையை உருவிப் போட்டுவிட்டு விறகைத் திணித்தாள். பாய் திரும்பும்போது டிரம் நுரைத்து வழிகிறது. இவள் தட்டைத் தட்டி, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்திக்கொண்டிருக்கிறாள்.

பாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எல்லாரும் செத்துட்டாங்கக்கா..."

"ஐயோ, யாரு பாய்?" என்று பதறினாள்.

பின்னாலேயே மச்சான் வந்து நின்றார். விறகை இழுத்து நுரை அடங்கியதும் பார்த்தால், டிரம்மில் தண்ணீர் சுண்டிப்போய், வைக்கோலுக்கு அடியில் பழுப்பாகப் பாகு போல ஏதோ நின்றது. மூக்கைச் சுளித்தபடி அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது. இன்னொரு தரம் தொட்டார். அப்புறம் கரண்டி கேட்டார்.

பாய் துள்ளி எழுந்தார். "அவங்க வேலையை முடிச்சிட்டுத்தான் போயிருக்காங்கண்ணே! தண்ணி ஜாஸ்தியா இருந்ததுல எனக்குத் தெரியல. அக்கா சுண்டக் காச்சினாங்க, இனிப்பு தெரிஞ்சிபோச்சி!" சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது.

மச்சான் விசாவை மடித்துப் பையில் வைத்தார். "அடுத்த டிரம் எப்ப போடுற?"

பாய் இன்றும் எங்கள் கொட்டகையில்தான் இருக்கிறார். மயிலம் மலை முருகன் கோயிலுக்குப் போனால் அவர் பேருக்கும் ஓர் அர்ச்சனை செய்கிறேன். நட்சத்திரம் கேட்டால் என்னுடையதைச் சொல்லிவிடுவேன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவரை இருக்கிறபடியேதான் எனக்குப் பிடிக்கும்.