மட்டையைப் போட்டிட்டு ஓடு

பேசாமல் இருப்பவனை விஷயம் தெரிந்தவன் என்று உலகம் நினைத்துவிடுகிறது. நான் பேஸ்பால் பயிற்சியாளன் ஆனது அப்படித்தான்.

மகள் ஆரணிக்கு அப்போது பத்து வயது. எனக்கு சுவிஸில், ஊஸ்டர் நகரத்து உணவகச் சமையலறை ஒன்றில் மாலை வேலை. புதன் மத்தியானம் பள்ளிக்கூடம் இல்லாததால் அவளை நான்தான் பயிற்சிக்குக் கூட்டிப்போவேன். மற்றப் பெற்றோர் கோப்பி குடிக்கப் போவார்கள். அவர்களோடு கதைக்க வெட்கப்பட்டு நான் மைதான ஓரத்து மர வாங்கிலேயே உட்கார்ந்திருப்பேன். இந்த மனிதர் ஆட்டத்தை ஆழமாகக் கவனிக்கிறார் என்று பயிற்சியாளர் மார்க்கோ முடிவு செய்துவிட்டார். (நான் கவனித்தது மகள் கழற்றி வைத்த குளிர் ஜாக்கெட்டை.) அந்த நாட்டு ஆண்கள் போயே ஆக வேண்டிய வருடாந்த இராணுவப் பயிற்சிக்கு அவருக்கு அழைப்பு வந்தபோது, திரும்பி வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி என்னைக் கேட்டார். மறுப்பதற்கு வேண்டிய ஜெர்மன் என்னிடம் இருக்கவில்லை. தலையாட்டினேன்.

"என்னப்பா, உங்களுக்கு அந்த விளையாட்டுத் தெரியுமோ?" என்றாள் மனைவி.

"மட்டை இருக்கு, பந்து இருக்கு. வேறென்ன?"

நான் பழக்கியது முழுக்க யாழ்ப்பாணத்துக் கிரிக்கெட். நல்ல பந்தைத் தடுத்து நிறுத்து. அவசரப்பட்டு ஓடாதே. ஓடினால் மட்டையைக் கையை விட்டு விடாதே.

"மார்க்கோ வேற மாதிரியல்லோ சொன்னவர்?" என்று ஆரணி கேட்டாள்.

"இது புது முறை பிள்ளை."

பிள்ளைகள் நம்பினார்கள். "ட்ரெய்னர், ட்ரெய்னர்" என்று என்னைச் சுற்றி வந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு அந்தப் பட்டம் கொஞ்சம் தலைக்கேறியதும் உண்மை.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. ஆரணிக்கு ஒரே ஆசை: பந்தை அடித்துவிட்டு, அவுட் ஆகாமல் ஓடிப்போய், முதலாவது பேஸ் என்ற அந்த வெள்ளைச் சதுர மெத்தையைத் தொட வேண்டும். அதுவரை ஒருமுறைகூட அவள் தொட்டதில்லை.

முதலில் லூக்காஸ். பந்தை அழகாகத் தடுத்துக் காலடியில் நிறுத்தி, அதையே ரசித்தபடி நின்றான். எதிரணிப் பையன் ஆறுதலாக நடந்து வந்து எடுத்து முதலாவது பேஸுக்கு எறிந்தான். அவுட். மைதானத்தில் கைதட்டியது நான் ஒருவன்தான். அடுத்து சாரா. அடித்துவிட்டு மட்டையை நீட்டிக்கொண்டு பாய்ந்தாள். பேஸில் நின்ற பையன் பயந்து பேஸை விட்டே ஓடினான்.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, "ட்ரெய்னர் யார்?" என்று கேட்டார். நானும் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"அப்பா, உங்களைத்தான் கேக்கிறார்!"

அந்தத் தடித்த மனிதர் மட்டையைக் கீழே போட்டு, பத்தடி ஓடியும் காட்டினார். பந்து பட்டால் நிற்கக்கூடாதாம். எனக்கு முகம் எரிந்தது.

அடுத்தது ஆரணி. கண் கலங்கி வந்தாள். "இப்ப நான் நிக்கிறதோ, ஓடுறதோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. அந்த மனிசன் ஓடச் சொல்லுறார்."

"எனக்குக் குழம்பிப் போச்சு. பந்து பட்டதும் நீங்கள் கத்துங்கோ. கேட்டாத்தான் ஓடுவன்."

அந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து நான் பேருந்தில்கூடச் சத்தமாகத் தும்மியதில்லை.

பந்து பட்டது. பழக்கிய பழக்கம், அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

"மட்டையைப் போட்டிட்டு ஓடு பிள்ளை!"

மைதானமே திரும்பியது. அவள் ஓடினாள். கோட்டுக்கு வெளியே நானும் ஓடினேன். (ஏன் என்று இன்றும் தெரியாது.) பெற்றோர் கேக் விற்ற மேசையில் மோதி, ஆப்பிள் கேக்கோடு விழுந்தேன். புல்லில் கிடந்தபடி பார்த்தால், ஆரணியின் சப்பாத்து பேஸின் மேல் இருந்தது. நடுவர் இரண்டு கையையும் விரித்தார். சேஃப். அவுட் இல்லை.

படுதோல்விதான். ஆனாலும் அதற்குப் பிறகு யார் அடித்தாலும் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் தமிழில் "போட்டிட்டு ஓடு!" என்று கத்தினார்கள். திரும்பி வந்த மார்க்கோவிடம், புது ட்ரெய்னரும் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். பல வருடம் அவருக்கு உதவியாளனாக இருந்தேன். விதிகளை ஆரணிதான் படிப்பித்தாள்.

கடையில் நான் சட்டை தெரிவு செய்யத் தடுமாறினாலும் மனைவியும் மகளும் இன்றும் சொல்வது அந்தப் "போட்டிட்டு ஓடு"தான்.

போன வருடம் ஆரணியின் கல்யாணம். அவள் கையை மாப்பிள்ளையின் கையில் வைக்கும்படி ஐயர் சொன்னார். நான் பிடித்தபடியே இருந்தேன். ஐயர் மறுபடியும் சொன்னார். ஆரணி என் காதருகே சாய்ந்தாள்.

"அப்பா, மட்டையைப் போடுங்கோ. நான் ஓட வேணும்."

சிரித்துவிட்டேன். கை விட்டது.