பார்த்தாச்சு, அடுத்தது!

பயணம் போகிறவர்கள் ஓர் இனம். பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் வேறோர் இனம். இந்த இரண்டாம் இனத்தார் முதல் இனத்தாரைக் காசு செலவழித்து விமானம் ஏற்றி, கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போய், அங்கே அவர்கள் எதையும் பார்த்துவிடாதபடி பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

நீங்கள் இவரைக் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். லிஃப்டில், வங்கி வரிசையில், பல் டாக்டரின் முன்னறையில், யாரும் கேட்காமலேயே "போன தடவை நாங்க ஒரே டிரிப்புல நாலு நாட்டை முடிச்சோம்" என்று ஆரம்பிப்பாரே, அவர்தான். முடிப்பதற்கு நாடு என்ன அவர் மேசையில் கிடக்கும் கோப்பா? அவரைப் பொறுத்தவரை அப்படித்தான்.

நாம் எடுத்துக்கொண்ட ஆசாமி ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கிளை மேலாளர். அவருக்குக் 'கமாண்டர்' என்று பெயர் வைத்தவன் அவருடைய மைத்துனன், மின்சாரச் சாமான் கடைக்காரன். கேலியாகத்தான் வைத்தான். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

இந்த முறை அவர் தேர்ந்தெடுத்த நாடு சாதாரண நாடல்ல. பேரரசுகள் வரிசையில் நின்று ஆண்டுவிட்டுப் போன நாடு. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினால் பழைய அரண்மனை ஒன்றின் முழங்கை இடிக்கும். இதை ஏன் தேர்ந்தெடுத்தார்? அந்த மன்னர்கள் மேல் மதிப்பா? வரலாற்றில் பிடிப்பா? அலுவலகக் கணக்காளர் போய்விட்டு வந்திருந்தார். வேறொன்றும் இல்லை.

ஆனால் அவர் மனைவிக்கு அந்த நாடு வேறு கணக்கு. அவர் பள்ளியில் வரலாற்று டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு அந்த நாட்டைப் பற்றி ஒரு பாடம் உண்டு. அதில் மலைச்சரிவில் பிறைபோல் வெட்டிய படிகளோடு ஒரு கல் அரங்கம். கீழே நடுவில் நின்று ஒருவர் கிசுகிசுத்தால் உச்சிப் படியில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்குமாம். வருஷா வருஷம் டீச்சர் கரும்பலகையில் பிறையை வரைவார். வருஷா வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தலை எழும்.

"டீச்சர், நீங்க போய்க் கேட்டிருக்கீங்களா?"

"இல்லப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பலகையைத் துடைப்பார். பிறை அழியும். கேள்வி அழியாது.

அதனால் சாப்பாட்டு மேசையில் அந்த நாட்டின் பெயர் காதில் விழுந்ததும் டீச்சர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். அந்தக் கல் அரங்கத்துல உச்சிப் படி வரைக்கும் ஏறி உக்காரணும். நிஜமாவே கேக்குதான்னு பாக்கணும்."

"அவ்வளவுதானே? போட்டாச்சு!" என்றார் கமாண்டர்.

பாவம், டீச்சர் நம்பினார்.

அன்று முதல் அந்த மேசையில் யாரும் சாப்பிட முடியவில்லை. வரைபடம் விரிந்தது, மடிக்கணினி திறந்தது, மூன்று நிறப் பேனாக்கள் வந்தன. இந்த இனத்தார் ஒரு கோட்டையைக் கட்டியது யார் என்று படிக்கமாட்டார்கள். அதன் வாசலில் பஸ் நிறுத்த இடமிருக்கிறதா என்று படிப்பார்கள். விடுதி ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறதா என்று கேட்கமாட்டார்கள். நம்ம ஊர்ச் சாப்பாட்டு வாசனை வருகிறதா என்று கேட்பார்கள். அருங்காட்சியகம் ரொம்பப் பெரிசு என்று கேள்விப்பட்டதுமே கமாண்டர் அதை ஒரே கோட்டில் அடித்தார். "உள்ள பூரா உடைஞ்ச பானைதானாம். காசு குடுத்து எதுக்கு?" அந்த அரை நாளும் கடைவீதிக்குப் போனது. சொந்தக்காரர்களுக்கு ஏதாவது வாங்க வேண்டாமா? அங்கே போய்விட்டு வந்தோம் என்பதற்கு வேறென்ன சாட்சி?

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு ஒத்திகை. சிரிக்காதீர்கள், ஒத்திகையேதான். முன்னறை விமான நிலையம். படுக்கையறை அலமாரி சக்கரவர்த்தியின் மாளிகை. ஃப்ரிட்ஜ் பழைய கோட்டை. கல்லூரியில் படிக்கும் மகளும், கூட வரப்போகிற மைத்துனனும், டீச்சரும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒன்றின் பின் ஒன்றாகப் போய் நிற்க வேண்டும்.

"கொஞ்சம் வலது பக்கம் திரும்பு. கோபுரம் தெரியட்டும். சிரி. பாத்தாச்சு, அடுத்தது!"

"அப்பா, ஃப்ரிட்ஜ் முன்னாடி நின்னு எதுக்குப்பா சிரிக்கணும்?"

"இங்க பழகினாத்தான் அங்க சட்டுனு வரும்."

"மச்சான், தாகமா இருக்கு. கோட்டைக்குள்ள இருந்து ஒரு தண்ணி பாட்டில் எடுத்துக்கட்டுமா?"

"கோட்டைக்குள்ள போற பிளானே இல்ல மாப்ள. வெளியில போட்டோ மட்டும்தான்."

டீச்சர் பெட்டியின் கைப்பிடியை விடாமல் கேட்டார். "என் அரங்கம் எங்கேங்க?"

கமாண்டர் குளியலறைக் கதவைக் காட்டினார்.

விளையாடுகிறார் என்று நினைத்தார் டீச்சர். கமாண்டர் எந்தக் காலத்தில் விளையாடினார்? அந்தச் சாலையிலேயே சுத்தமான கழிவறை அரங்கத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று எவனோ ஒரு வீடியோவில் சொல்லியிருக்கிறான். "பஸ் நிக்கும். எல்லாரும் போயிட்டு வரணும். அப்படியே நீயும் பாத்துக்க."

"ஒரு ஊரே உக்காந்து நாடகம் பாத்த இடங்க அது!"

"இப்ப யாரும் நடிக்கலியே."

டீச்சர் பெட்டியைக் குளியலறை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ஒத்திகையில் அது கணக்கில் சேரவில்லை.

போனார்கள். மாளிகை வாசலில் இருக்கும்போது கமாண்டருக்குக் கோட்டையைப் பற்றிக் கவலை, கோட்டை வாசலில் நிற்கும்போது கடைவீதியைப் பற்றி. எங்கு நின்றாலும் அவர் அங்கே இல்லை. பாத்தாச்சு, அடுத்தது. பாத்தாச்சு, அடுத்தது. இப்படியே கழிவறையும் வந்தது.

எல்லோரும் வரிசையில் நின்றார்கள். டீச்சர் கைப்பையை மகளிடம் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தார். நடுவில் தேய்ந்து குழிந்த கல்படிகள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி, உச்சிப் படியில் உட்கார்ந்தார். கீழே பிறை விரிந்து கிடந்தது, கரும்பலகையில் இருப்பதைவிட எவ்வளவோ பெரிதாக. ஆனால் நடுவில் ஒரு ஆள் இல்லை. இவ்வளவு தூரம் வந்தும், பேச ஆளில்லாமல் எதைக் கேட்பது?

அப்போது கமாண்டர் வந்தார். மைத்துனனை இழுத்துக்கொண்டு, மனைவியைத் தேடிக்கொண்டு, அரங்கத்தின் நட்டநடுவில் வந்து நின்றார். சுற்றிலும் பார்த்தார். அண்ணாந்து பார்க்கவில்லை; இந்த இனத்தாருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பிறகு வாயைக் கையால் மறைத்து, மைத்துனனின் காதோரம் முணுமுணுத்தார்.

"என் பிளான்ல ஒரே ஒரு தப்பு, உங்கக்காவைக் கூட்டிட்டு வந்ததுதான். கல்லைக் கண்டா சொக்கிப் போயிடறா. அடுத்த தடவை வீட்லயே விட்டுட்டு வந்துடணும்."

ஒவ்வொரு எழுத்தாகப் படியேறி வந்து டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்தது. கடைசியில் அவர் அலுத்துக்கொண்டு கொட்டிய 'ச்சு' கூட.

டீச்சர் அழுதிருக்கலாம். கோபப்பட்டிருக்கலாம். அவர் கைதட்டினார். சின்னப் பிள்ளைபோல், உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினார்.

கமாண்டர் அப்போதுதான் அண்ணாந்தார். "அங்க என்ன பண்றே? பஸ் கிளம்புது!"

"கத்தாதீங்க. மெதுவாப் பேசினதே நல்லாக் கேட்டுச்சு."

மைத்துனன் தன் செருப்பை ஆராயத் தொடங்கினான். கமாண்டருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக 'அடுத்தது' வரவில்லை.

"என்ன... கேட்டுச்சு?"

"எல்லாம். அடுத்த தடவை நீங்க சொன்ன மாதிரியே வெச்சுக்கலாம். உங்க ஃப்ரிட்ஜை நீங்க போய்ப் பாருங்க, நான் தனியா வந்துக்கறேன். இந்தத் தடவை நான் இன்னும் கொஞ்ச நேரம் உக்காரப் போறேன். பஸ் நிக்கட்டும்."

பஸ் நின்றது. கடைவீதி போனது.

பள்ளி திறந்தது, பிறை வரையப்பட்டது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தலை எழுந்தது.

"கேட்டிருக்கேன்" என்றார் டீச்சர்.

"என்ன கேட்டுச்சு டீச்சர்?"

"ஒருத்தர் ரகசியமாப் பேசினது. சுத்தமாக் கேட்டுச்சு." அன்று அவர் பலகையைத் துடைக்கவில்லை.

கமாண்டரா? அலுவலகத்தில் கணக்காளரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "அந்த அரங்கம் பாக்காம வந்துட்டீங்களா? அடடா! என்ன சவுண்டு தெரியுமா? நானே நின்னு டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்."

நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியும். இதைப் படிக்கும்போதே இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கீழே ஒரு பார்வை விட்டீர்களே, அது வேறு விஷயம். இப்போது பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ முணுமுணுக்கப் போகிறீர்கள். வேண்டாம். முதலில் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.