ஜீரோ பாயும் திரையில் வராத பெண்ணும்

திருச்சியிலேயே இட்லியைப் பூஜ்யத்திலிருந்து எண்ணிச் சாப்பிட்ட ஒரே மனிதர் ஜீரோ பாய்தான். திருச்சி என்ன, உலகத்திலேயே. நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு, "மூணாவது முடிஞ்சுது" என்பார். ஒன்று குறைகிறதே என்று சர்வர் இன்னொன்றை வைத்துவிடுவார். பாயுடைய தொந்தி அப்படி வளர்ந்ததுதான்.

பாலக்கரைக்காரர். தில்லைநகரில் இணையதளம் செய்து கொடுக்கும் எங்கள் குட்டி ஆபீசில் சீனியர். கம்ப்யூட்டர் பட்டியலில் முதல் ஆளுக்கு எண் பூஜ்யம், இரண்டாவது ஆளுக்கு ஒன்று. நாங்கள் அதை ஆபீசோடு விட்டுவிடுவோம். பாய் வீட்டுக்கும் கொண்டுபோனார். எங்கள் ஆபீஸ் வராந்தாவில் மூன்றாவது கதவு. போனில் யார் வழி கேட்டாலும் "ரெண்டாவது கதவு" என்பார். இரண்டாவது கதவு பல் டாக்டருடையது. ஒரு கூரியர்காரர் எங்கள் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

இன்னொரு பைத்தியக்காரத்தனமும் உண்டு. பட்டியலில் இருப்பவர்களை ஒவ்வொருவராக எடுத்துத் திரையில் காட்ட நாங்கள் 'லூப்' எழுதுவோம். எழுதியதை அவர் காலால் நடந்து பார்த்தே ஆகவேண்டும். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச்சீட்டு வைத்து, "பிஸ்மில்லாஹ்" என்று கிளம்புவார். நாங்கள் எழுதிய ஸ்கிரிப்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் செய்வார். ஒருமுறை எங்கே நிறுத்துவது என்று எழுத மறந்துவிட்டேன். மனிதர் மத்தியானம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"போதும் பாய், தலை சுத்துது!"

"போதும்னு நீ எங்க எழுதியிருக்க, தங்கச்சி?"

இந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து வரன் பார்க்கும் மாமா வந்தார். அவரிடம் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண், பிள்ளைகளின் விவரங்கள் தடிமனான ஒரு நோட்டில் இருந்தன. அதை அப்படியே பட்டியலாக்கி, நான் லூப் எழுதினேன். மாமா எந்தப் பட்டியல் எழுதினாலும் உச்சியில் 'ஸ்ரீ:' போடாமல் எழுதமாட்டார். நான் அதையும் சேர்த்து ஏற்றித் தொலைத்தேன். இணையதளத்தில் முதல் வரனாக 'பெயர்: ஸ்ரீ. வயது: இல்லை. உத்தியோகம்: இல்லை' என்று வந்து நின்றது. ஜீயபுரத்திலிருந்து ஓர் அம்மா போன் பண்ணி, "பேரே லட்சணமா இருக்குங்க, ஜாதகம் அனுப்புங்க" என்று கேட்டார்.

எனக்கு மானம் போயிற்று. பாயிடம்கூடச் சொல்லாமல், பூஜ்யத்தைத் தாண்டி ஒன்றிலிருந்து லூப் ஆரம்பிக்கும்படி மாற்றினேன். 'ஸ்ரீ:' மறைந்தது. கொஞ்ச நாள் கழித்து, ஸ்ரீயைப் பக்கத்தின் நெற்றியிலேயே பெரிதாகப் போடச் சொன்னார் மாமா. போட்டோம். பட்டியல் உச்சியில் காலியான இடத்தில் தன் பெண்ணின் விவரத்தைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம். லூப்பைத் திருத்த வேண்டும் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து மாமா வந்து நின்றார்.

"ஊர்ல இருக்கற கொழந்தைகளுக்கெல்லாம் போன் வந்துண்டே இருக்கு. என் பொண்ணை ஒருத்தர் கேக்கலை! நேத்திக்குக் கண்ணாடி முன்னாடி நின்னுண்டு, 'நான் பாக்கச் சகிக்கலையாப்பா'ங்கறா. நான் என்ன சொல்வேன்?"

"திரையில பொண்ணு வர்றாங்களான்னு பாத்தீங்களா மாமா?" என்றார் பாய்.

"பட்டியல்ல முதல்ல இருக்காளே! திரையை வேற பாக்கணுமா?"

பாய் நாற்காலிகளைப் போட்டார். உட்கார ஆள் போதவில்லை. பக்கத்துக் கதவுக்குப் போய்ப் பல் டாக்டரிடம் காத்திருந்த ஐந்து பேரை அழைத்து வந்தார். வீங்கின கன்னங்களோடு அவர்களும் மறுபேச்சில்லாமல் வந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு வரனின் சீட்டு. முதல் நாற்காலியில் மகளின் சீட்டோடு மாமா.

பாய் ஸ்கிரிப்டைப் பார்த்தார். நேரே இரண்டாவது நாற்காலிக்குப் போனார். "பேரு? நட்சத்திரம்?"

"ஹ்ரேவதி," என்றார் கன்னத்தைப் பிடித்தபடி ஒரு பஸ் டிரைவர்.

அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று கடைசி வரை கேட்டுவிட்டு நின்றார்.

"என்னைக் கேக்கலையே!" என்றார் மாமா.

"ஒண்ணுலேர்ந்து ஆரம்பின்னு எழுதியிருக்கு மாமா. நீங்க ஜீரோ."

இன்னொரு தடவை நடந்தார். அப்போதும் மாமாவைத் தாண்டித்தான் போனார். மாமாவுக்கு முகம் மாறியது. "என் கொழந்தையை ஒரு வருஷமா இப்படித்தான் தாண்டிப் போயிண்டிருந்தேளா? யார் எழுதினது இதை?"

நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"நான்தான் மாமா," என்றார் பாய்.

கால்மணி நேரம் வறுத்தெடுத்தார் மாமா. பாய் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பல்வலிக்காரர்கள் ஐந்து பேரும் வலியை மறந்து கேட்டார்கள். மாமா போனதும் ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார் பாய்.

அடுத்த மாதம் மாமா தூக்கு நிறைய அக்காரவடிசிலோடு வந்தார். "பாய், பதினோரு பேர் கேட்டுட்டா! இவ பதினோரு பேரையும் வேண்டாம்னுட்டா. ஒருத்தனுக்கு மீசை சரியில்லையாம்!" என்று ஏதோ பரிசு வாங்கியதுபோல் பூரித்தார். பிறகு, "அன்னிக்கு ரொம்பப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்கோ," என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. "அத எழுதினது நான்தான் மாமா!" என்று கத்திவிட்டேன்.

"தெரியுமேம்மா. இவர் எழுதியிருந்தா ஜீரோலேர்ந்துன்னா ஆரம்பிச்சிருப்பார்!"

"அப்புறம் ஏன் அவரத் திட்டினீங்க?"

"அவர்தானே வாங்கிக்கறேன்னு நின்னார். உன்னைத் திட்டினா நீ அழுதுடுவே. ஆத்துல ஒருத்தி அழுதது போறாதா?"

பாய் எதுவுமே காதில் விழாதவர்போல் அக்காரவடிசிலை எனக்கு எடுத்து வைத்தார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். எனக்காக ஒரு சின்னத் திட்டுகூட வாங்கியதில்லை.