மொட்டை மாடியில் ஓர் அமிர்தசரஸ்

உல்லாசப் பயணத்துக்குத் தகுதித் தேர்வு வைத்த ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் 'இன்ஸ்பெக்சன்'தான். ஆவடிப் பக்கம் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். அவர் பார்த்து பாஸ் போடாமல் ஒரு திருகாணிகூட வெளியே போகாது. அதே புத்தியோடு அவர் வீட்டுக்கும் வந்ததுதான் குவார்ட்டர்ஸ்வாசிகளான எங்கள் தலையெழுத்து.

மூன்று நாள் அமிர்தசரஸ் போகலாம் என்று வாயைக் கொடுத்தது நான்தான். பொற்கோயில், எல்லையில் கொடி இறக்குவது, மீதி நேரமெல்லாம் குல்ச்சா ரொட்டி, லஸ்ஸி. நான், மாடி வீட்டுச் செல்வம், இன்ஸ்பெக்சன், மூன்றே பேர். டிக்கெட் போட்ட மறுநாளே மனிதர் ஒரு நோட்டோடு வந்து நின்றார். பல் விளக்க நான்கு நிமிடம், லஸ்ஸிக்கு ஆறு நிமிடம் என்று எழுதியிருந்தது.

"அண்ணாத்தே, ஊர் சுத்தப் போறோமா, பரேடுக்குப் போறோமா?" என்றான் செல்வம்.

"ட்ரையல் பாக்காம நான் எதையும் வெளிய அனுப்புனது கெடையாது. ஞாயித்துக்கெழம மொட்ட மாடிக்கு வா."

சித்திரை மாதம், உச்சி வெயில். தலையில் கைக்குட்டை, காலில் ஒன்றுமில்லை. "அங்க தலைய மூடணும், பளிங்குத் தர, செருப்பு கெடையாது. சுத்து!" என்றார். பத்துச் சுற்று. நாங்கள் குதித்த குதியை எதிர் பிளாக் முழுவதும் ஜன்னலில் நின்று ரசித்தது.

அடுத்த வாரம் வயிற்றுக்குத் தேர்வு. வானகரம் பைபாஸ் ஓரத்து தாபாவில் ஆளுக்கு மூன்று குல்ச்சா, ஒரு சொம்பு லஸ்ஸி, உடனே அரை மணி நேர நடை. செல்வம் பாதி வழியில் ஒரு புங்க மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். நோட்டில் அவன் பெயருக்கு நேரே 'மறு பரிசோதனை' என்று விழுந்தது.

கடைசித் தேர்வு லங்கர். பொற்கோயிலில் யார் வந்தாலும் தரையில் வரிசையாக உட்கார வைத்துப் போடுகிற சாப்பாடு. அவர் வீட்டுக் கூடத்திலேயே என்னையும் செல்வத்தையும் உட்கார வைத்தார். அவர் மனைவி சரசக்கா சப்பாத்தியோடு வந்தார். பழக்கதோஷத்தில் நான் ஒரு கையை நீட்டிவிட்டேன்.

"இன்னா மாமே, ஒத்தக் கைய நீட்டிகினு கீற? ரெண்டு கையும் சேத்து ஏந்தணும். பிரசாதம்யா அது. ரிஜெக்ட்!"

"எல்லாரையும் சொல்றியே, நீ குந்து பாக்கலாம்" என்றார் சரசக்கா.

உட்கார்ந்தார். இடது முழங்கால் மடங்கவில்லை. இன்னொரு தரம் முயன்றார். வேர்த்துக் கொட்டியதே தவிர, கால் நீட்டியபடியே கிடந்தது. சுவரைப் பிடித்து எழுந்து, நோட்டை எடுத்து, தன் பெயருக்கு நேரே எழுதினார்: 'ரிஜெக்ட்'.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வெளாடாத அண்ணாத்தே!"

"அத்தினி பேர் சாப்புட்ற எடத்துல, சாமி எதிர்ல கால நீட்டிகினு குந்துனா மரியாதையா? நீங்க போய்ட்டு வாங்க" என்றார். அரக்கோணத்தைத் தாண்டி ரயிலேறாத மனிதர். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

சரசக்காதான் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார். "உள்ள குந்தாத, வெளியவே நின்னு கும்புட்டு வா. ஊட்ல இருந்தா என்ன ஒரு வழி பண்ணிடுவ."

அமிர்தசரஸில் அப்படியேதான் நின்றார், லங்கர் கூடத்துக்கு வெளியே. அங்கே மூட்டை மூட்டையாகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்த வயதான சர்தார் ஒருவர் இவரைப் பார்த்தார். தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, 'உனக்குமா?' என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். இவரும் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். இன்னொரு ஸ்டூல் வந்தது.

நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்தால், இருவருக்கும் நடுவில் பூண்டுத் தோல் குவிந்து கிடக்கிறது. இவர் தமிழில் ஏதோ சொல்கிறார், அவர் பஞ்சாபியில் பதில் சொல்கிறார், இரண்டு பேரும் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார்கள்.

"அண்ணாத்தே, நோட்டுப்படி குல்ச்சாக்கு நேரமாச்சு" என்று அவர் நோட்டையே எடுத்துக் காட்டினான் செல்வம்.

"மூட்ட இன்னும் கீதுல்ல மாமே. நோட்ட உள்ள வை."

நானும் செல்வமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பிடி பூண்டை எடுத்துக்கொண்டோம்.

அன்றைக்குக் குல்ச்சாவும் போச்சு, எல்லையில் கொடியும் போச்சு. ஆனால் பதினைந்து வருடப் பழக்கத்தில் அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதைப் பார்க்க இன்னும் எத்தனை மூட்டை வேண்டுமானாலும் உரிப்பேன்.