காலால் பிறந்தவளின் மிதி

மருந்தில்லா வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். தெருவில் லேசாக நொண்டி நடந்தால் போதும், எங்கிருந்தோ வந்து குறுக்கே நிற்பார். மருந்து என்ற சொல்லே அவருக்கு ஆகாது.

எடப்பாடி நெசவாளர் தெருவில் அந்தப் பட்டம் அர்த்தநாரிக்கு. இடுப்பில் கிளம்பிக் குதிகால்வரை சுண்டியிழுக்கும் நரம்பு வலி அவருக்கே பல வருஷமாக உண்டு. ஆனால் அதே வலிக்காரன் ஒருவன் அகப்பட்டு, சுடுமணலில் நட, தலையணையைத் தூக்கி எறி, புளியைக் கண்ணாலும் பார்க்காதே, ஏரித் தண்ணீரில் இடுப்பளவு நில் என்று அவனுக்கு மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கும்வரை, தம் வலி போன இடம் தெரியாது. வேறென்ன மருந்து வேண்டும்?

அவர் மனைவி காளியாத்தாள், கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்பது ஊரறிந்த சங்கதி. வந்தவர்களையெல்லாம் குப்புறப் படுக்கவைத்து அவளை மிதிக்கச் சொல்வார். தாம் மட்டும் படுத்ததில்லை. வைத்தியரே படுத்தால் வைத்தியத்துக்கு என்ன மரியாதை?

தைப்பூசம் நெருங்கியது. பழனிக்குக் காவடி எடுத்து நடப்பதாக நேர்ந்துகொண்டு, குழித்தறியில் உட்கார்ந்து நெய்தே இடுப்புப் பிடித்துக் கால் மரத்துப்போன சென்றாயன் அவரிடம் தவித்துக் கிடந்தான். மணலில் நடந்தான், மிதி வாங்கினான். எது கேட்டதோ, முருகனுக்கே வெளிச்சம். ஒருநாள் நிமிர்ந்து வந்து நின்றான்.

"வலி உட்டுப்போச்சுங்க மாமா. காவடி எடுத்துட்டு வாரேனுங்க."

மனம் குளிர்ந்திருக்க வேண்டாமா? பாவி மனசு, திக்கென்றது. மறுநாள் தெருவே பழனிக்கு நடந்துவிட்டது. சொல்ல ஆளில்லை, கேட்க நாதியில்லை. சேர்த்து வைத்த வலியெல்லாம் ஒரே மூச்சில் வந்து இறங்க, மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கிவிட்டார்.

காளியாத்தாள் பாயை விரித்தாள்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எங்கிட்ட ஒரு நாளாச்சும் வலிக்குதுன்னு சொன்னீங்களா? படுங்க."

படுத்தார். அவள் பாதம் இடுப்பில் பட்டதுதான் தாமதம், பாய்க்குள்ளிருந்து குரல் கிளம்பிற்று: குதிகாலை ஊன்றாதே, நடுப்பாதத்தை வை, மேலிருந்து கீழே வா, மிதிக்கும்போது பேசாதே. அவள் பேசவேயில்லை. சொல்லி முடிப்பதற்குள் வலி பறந்துவிட்டது. மிதியாலா, பேச்சாலா? காளியாத்தாளுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு மிதி மிதித்தாள்.

அது கிடக்கட்டும். இதைப் படிக்கும்போதே, "அட, அதுக்கு விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்ச்சா..." என்று உங்கள் நாக்கு துடித்ததா? அப்படியானால் உங்கள் இடுப்பைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள்.